'கலா': ஒரு விசா மறுப்பும் கொஞ்சம் உறுமிச் சத்தமும்

சிதம்பரம் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு உறுமி என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். கோயிலுக்குள் நாகஸ்வரம், தவில். ஊர்க்கோடி அம்மன் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் உறுமி, பம்பை என்று எழுதப்படாத ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்திருக்கிறது. 1941-ல் தமிழிசை மாநாடு நடந்த அண்ணாமலைநகர் இங்கேதான். மேடையில் தமிழில் பாட வேண்டும் என்பதற்கே அவ்வளவு போராட வேண்டியிருந்த காலத்தில் உறுமியைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் அதே உறுமி 2007-ல் லண்டனிலும் நியூயார்க்கிலும் டான்ஸ் கிளப் ஸ்பீக்கர்களில் அதிர்ந்தது. அதற்குக் காரணம் ஒரு ஈழத்துப் பெண்ணின் இரண்டாவது ஆல்பம். பெயர் 'கலா'.

எம்.ஐ.ஏ. என்றால் தெரியாதவர்களும் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஓ... சயா' என்றால் தலையாட்டுவார்கள். ரஹ்மானோடு அதைப் பாடியவர்தான். முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா. 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்து, பத்துப் பதினோரு வயதில் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். (வெள்ளைக்காரப் பத்திரிகைகள் பல அவரைப் புலி என்றே எழுதித் தள்ளின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பதை ஈழம் பற்றிச் சுமாராகப் படித்தவர்கூடச் சொல்லிவிடுவார்.) 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையே வைத்தார்: 'அருளர்'. அப்பா பெரும்பாலும் வீட்டில் இல்லாத மனிதர். தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தது அம்மா. அந்த அம்மாவின் பெயர்தான் கலா. இரண்டாவது ஆல்பம் அவருக்கு.

முதல் ஆல்பம் நல்ல பெயர் வாங்கிவிட்டதால் அடுத்தது அமெரிக்காவில், டிம்பலாண்டோடு என்று திட்டம். அந்த நாளில் அமெரிக்க பாப் உலகில் டிம்பலாண்ட் தொட்டதெல்லாம் ஹிட். ஆனால் 2006-ல் அமெரிக்கா மாயாவுக்கு விசா தர மறுத்தது. திட்டம் போட்டபடி ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தால் இன்னொரு அமெரிக்க பாப் ஆல்பம் வந்திருக்கும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். கதவு சாத்தப்பட்டதால் அவர் ஊர் ஊராகச் சுற்றினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். போன இடமெல்லாம் ஏதோ ஒரு சத்தத்தைப் பொறுக்கிக்கொண்டார்.

முதலில் வந்தது சென்னைக்கு, ரஹ்மானைப் பார்க்க. இரண்டு பேரும் சேர்ந்து பாட்டுப் போடுவது அந்தச் சமயத்தில் அமையவில்லை. ஆனால் ரஹ்மான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ள விட்டார், ஆட்களையும் அறிமுகப்படுத்தினார். பின்னாலேயே ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளர் வந்து சேர்ந்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாடல்களில் கேட்கும் உறுமி மேளம் அந்தச் சென்னை நாட்களில் கிடைத்ததுதான்.

ஏன் உறுமி என்று யோசித்துப் பார்த்தேன். இடை சிறுத்த இரண்டு முக வாத்தியம் அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது வருவதுதான் அந்த உறுமல். பெயரே அதிலிருந்து வந்தது. அந்தத் தாழ்ந்த சுருதி ஒரே இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கிளப் இசைக்காரர்கள் கம்ப்யூட்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்யும் பேஸ் சத்தமும் கிட்டத்தட்ட இதுவேதான். அதனால் 'பாய்ஸ்' பாட்டில் உறுமி வெளியிலிருந்து ஒட்டவைத்த 'இந்திய அலங்காரம்' மாதிரி கேட்காது. பாட்டே அதன் மேல்தான் நிற்கிறது. தேவனாம்பட்டினம் மாசி மகக் கூட்டத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று நெஞ்செலும்பு அதிர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

நமக்கு இன்னொரு ஆச்சரியமும் உண்டு. முதல் பாட்டு 'பேம்பூ பாங்கா'வை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' உள்ளே ஓடும். ஆமாம், பொங்கலுக்குப் பொங்கல் எல்லா டிவியிலும் வரும் அதே இளையராஜா பாட்டு! 'ஜிம்மி' என்பது 1982-ல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாடலின் மறுபதிப்பு, சின்ன வயதில் மாயா ஆடிய பாட்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் பாடும் 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்' என்ற பாட்டும் உண்டு. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

2007 ஆகஸ்டில் ஆல்பம் வெளிவந்தது. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 18-வது இடம், பிரிட்டனில் 39. விற்பனையில் சுமார்தான். விமர்சகர்களோ தலையில் தூக்கி வைத்தார்கள். 'ரோலிங் ஸ்டோன்' அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது.

ஆனால் பாராட்டிலேயே ஒரு முள் இருந்தது. முதல் ஆல்பத்திலிருந்தே, பின்னால் இருந்து எல்லாம் செய்வது டிப்லோ என்ற அமெரிக்க டிஜே என்று பலர் எழுதிவந்தார்கள். 2007-ல் 'பிட்ச்ஃபோர்க்' பேட்டியில் மாயா இதைப் போட்டு உடைத்தார். ஒரு பெண், அதுவும் தமிழ்ப் பெண், தானே இசையமைத்தாள் என்று ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதுதான் அவர் கோபத்தின் சாரம். நியாயமான கோபம். 'கலா'வில் பெரும்பாலான பாடல்கள் அவரும் ஸ்விட்சும் சேர்ந்து செய்தவை. (வேடிக்கை என்னவென்றால் கடைசியில் மிகப் பெரிய ஹிட்டான 'பேப்பர் பிளேன்ஸ்' டிப்லோ தயாரித்தது!)

இதே கேள்வியை நாம் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். டிப்லோ, ஸ்விட்ச், டிம்பலாண்ட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய விமர்சனங்களில் உறுமி அடித்தவர்கள் வெறும் 'இந்திய டிரம்மர்கள்'. நம் பத்திரிகைகளும் தேடிப் போய் அவர்களிடம் பேட்டி எடுத்ததாக நான் பார்க்கவில்லை. மாயாவுக்கு நடந்தது அநியாயம் என்றால் இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

'பேப்பர் பிளேன்ஸ்' விசா தொல்லையில் பிறந்த பாட்டு. 'தி கிளாஷ்' குழுவின் 1982-ம் வருடத்துப் பாட்டின் கிடார் மேல், குடியேறி வந்தவன் எல்லாம் கொள்ளைக்காரன் என்று நினைப்பவர்களை நக்கலடிப்பது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும், கல்லாப்பெட்டி திறக்கும். டிவிக்காரர்கள் துப்பாக்கிச் சத்தத்தை வெட்டினார்கள். 2008-ல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' பட டிரெய்லரில் வந்த பிறகு அதே பாட்டு பில்போர்டில் 4-வது இடம் வரை ஏறியது. விசா மறுத்த நாட்டிலேயே!

அதற்குப் பிறகுதான் 'ஸ்லம்டாக்'. சென்னையில் கூடிவராத ரஹ்மான் - மாயா கூட்டணி 'ஓ... சயா'வில் கூடியது, ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. 2009 பிப்ரவரியில் நிறைமாத வயிற்றோடு அவர் கிராமி மேடையில் ஆடியதை உலகமே பார்த்தது. அதே வாரங்களில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்க டிவியில் கிடைத்த நேரத்தில் அவர் அதைப் பற்றித்தான் பேசினார். புலி ஆதரவாளர் என்ற முத்திரை மறுபடி விழுந்தது. மே மாதம் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த மூன்றாவது ஆல்பத்துக்குத் தன் பெயரையே வைத்தார்: 'மாயா'. அதில் உறுமியைவிட மெஷின் சத்தம்தான் அதிகம்.