துவக்கு, துப்பாக்கி, கன்



'கன்' என்றால் துப்பாக்கி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். ஆனால் நம் பிள்ளைகள் கிரிக்கெட் வர்ணனையில் கேட்பது வேறு. அவுஸ்திரேலியர் ஒருவரை 'கன் ஃபீல்டர்' என்றால், அவர் படு கெட்டிக்காரக் களத்தடுப்பாளர். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு 'கன்ஸ்' என்பது புஜத் தசை. 'பிக் கன்' பெரும்புள்ளி. 'ஜம்ப் த கன்' விளங்க, இல்ல விளையாட்டுப் போட்டியில் வெடி கேட்கும் முன்பே பாய்ந்துவிடும் பிள்ளையை நினைத்தால் போதும்.

சொல்லின் பிறப்பு இன்னும் வேடிக்கை. அது ஒரு பெண் பெயர் என்பதே பலர் ஏற்கும் கருத்து. 1330-31இல் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டை ஆயுதப் பட்டியலில் ஒரு பெரிய எறிகருவிக்கு 'சீமாட்டி குனில்டா' என்று பெயர். அந்தக் குனில்டா தேய்ந்துதான் 'கன்' ஆனதாம்.

எங்கள் பக்கத்துச் சொல்லுக்கும் நீண்ட பயணம் உண்டு. துருக்கியில் 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்'. தமிழ்நாட்டில் அது துப்பாக்கி. இலங்கையில் நாங்கள் துவக்கு என்கிறோம், சிங்களவர் துவக்குவ என்கிறார்கள். இதைக் கொச்சை என்று ஒதுக்குவோர் நம் ஆசிரியர்களிலேயே இருக்கிறார்கள். நாங்கள் அதற்கு உடன்படுவதில்லை. மாத்தளையின் பெரிய வரலாறு ஒன்று இந்தச் சொல்லோடு கட்டுண்டு கிடக்கிறது.

1848இல் ஆளுநர் டொரிங்டன் புதிய வரிகளைப் போட்டார். துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங், நாய்க்கு ஒரு ஷில்லிங். கடைக்கும் வள்ளத்துக்கும் வண்டிக்கும் வேறு. வீதி வேலைக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு. கொழும்பில் இருந்தவர்களுக்குத் துவக்கு வேட்டைச் சாமான். சேனை செய்கிறவனுக்கு அது காட்டுப்பன்றியிடமிருந்து ஒரு போக விளைச்சலைக் காப்பது. நாயும் அப்படித்தான். வரி விழுந்தது அவனுடைய காவலின் மேல்.

ஜூலை 26 அன்று தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளைக்கு இறங்கியது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பாதை நாலந்தா வழியாகத்தான். மாத்தளைக் கச்சேரியைத் தாக்கியவர்கள் வரிப் பதிவேடுகளையும் அழித்தார்கள். எதை முதலில் ஒழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது! படைச்சட்டம் வந்தது. ஓகஸ்ட் 8 அன்று வீர புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். கொங்காலேகொட பண்டாவைச் சவுக்கால் அடித்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். மறு ஆண்டே அங்கு இறந்தார். டொரிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

இன்றும் இந்தப் பக்கத்துச் செய்திகளில் கட்டுத்துவக்கு வெடித்துக் காயப்பட்டவர்கள் வருகிறார்கள். சிங்களப் பக்கத்து வீட்டாருடன் பேசும்போது மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொற்களில் இதுவும் ஒன்று. எனவே ஆசிரிய நண்பர்களே, விடைத்தாளில் 'துவக்கு' என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'துவக்கப் பள்ளி' என்று பார்த்தால் மட்டும் அது ஆரம்பப் பாடசாலை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வகுப்பே சிரிக்கும்.