இருபத்தொரு கையெழுத்து

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு மக்கள் பிரதிநிதி என்றால் 'தெபுய்த்தே'. அனுப்பி வைக்கப்பட்டவர் என்று பொருள். அனுப்பியவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் என்று எங்கள் முசே சேர்த்துச் சொல்வார்.

அந்தக் கணக்கு என்னவென்று 1974-இல்தான் எனக்குப் புரிந்தது. அப்போது நான் அரசாங்க வேலைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா. 'பாண்டிச்சேரி லைசென்ஸ் ஊழல்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே டில்லியில் ஒரு விவகாரம் கிளம்பியது. நம் பகுதி வணிகர் சிலருக்கு இறக்குமதி லைசென்ஸ் தரச் சொல்லி 21 எம்.பி.க்கள் கையெழுத்திட்டதாக ஒரு மனு அமைச்சகத்துக்குப் போயிருந்தது. சபையில் கேள்வி எழுந்ததும், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று பலர் மறுத்தார்கள். பீகார் எம்.பி. துல்மோகன் ராம் மீது சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்கள் சூப்பரின்டென்டென்ட் சொன்னார்: "தம்பி, ஃபைலில் கையெழுத்து இருந்தால் போதாது. யார் போட்டது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்."

கேட்க ஆள் இருந்தது. வாஜ்பாய், மது லிமாயே, ஜோதிர்மய் பாசு முதலியோர் சி.பி.ஐ. அறிக்கையைச் சபையில் வைக்கச் சொன்னார்கள். அரசு மறுத்தது. சபைக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்யப்போவதாக மொரார்ஜி தேசாய் அறிவித்தார். கடைசியில், எதிர்க்கட்சித் தலைவர்கள் அறிக்கையைப் படித்துப் பார்க்க அரசு இசைந்தது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. மேலே சொன்ன நால்வரும் விசாரணையில்லாமல் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எங்கள் ஆபீசில் யாரும் வாய் திறக்கவில்லை. சம்பளமும் குடும்பமும் இருந்தன, நானும் திறக்கவில்லை. கேட்பவனை உள்ளே தள்ளிவிட்டால் கையெழுத்தைப் பற்றிய கேள்வியும் அவனோடு உள்ளே போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சிறையிலிருந்து மீண்டவர்களும் உட்கார்ந்திருந்த நாடாளுமன்றம் 1978-இல் 44-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்றாயிற்று. சபையில் நடந்ததை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது.

இப்போதெல்லாம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் குழாயையும் பற்றி மற்றவர்கள் கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: "போன தடவை சபையில் என்ன கேள்வி கேட்டீர்கள், ஐயா?"