ஆளுதலும் படுதலும்: உழைப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

கடின உழைப்பைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களின் பகுதிகளை நோக்கினால், செயலைத் தன்வயப்படுத்தி ஆள்பவனைக் காட்டுவன ஒருபுறமும், அச்செயலின் வருத்தத்தைத் தாங்குபவனைக் காட்டுவன மறுபுறமும் நிற்கக் காணலாம். முதல் வகை செழித்து நிற்கும் நூல் திருக்குறள். அதன் 60ஆம் அதிகாரம் மனக்கிளர்ச்சியாகிய ஊக்கத்தையும், 61ஆம் அதிகாரம் சோம்பலுக்கு இடங்கொடாமையாகிய மடியின்மையையும் கூறிய பின்னரே, 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை என்ற தலைப்பில் உடலால் இடைவிடாது செய்யும் முயற்சிக்கு வருகிறது. அங்கு ஆளப்படும் தாளாண்மை என்னும் சொல்லில், காலையும் முயற்சியையும் ஒருங்கே குறிக்கும் 'தாள்' முதலில் நிற்க, அதை ஆளும் தன்மை பின்னே வருகிறது. அதனோடு இணைத்துச் சொல்லப்படும் வேளாண்மை பிறர்க்கு உதவுதலே அன்றிப் பயிர்த்தொழில் அன்று. உழவுக்கென 104ஆம் அதிகாரம் தனியே இருக்க, இவ்விரு சொற்களும் இணைந்து வரும் குறள்களை உழவர் பெருமைக்குச் சான்றாக மேடைகளில் எடுத்தாள்வது பொருந்தாது.

இரண்டாம் வகைக்குத் தலைமைச் சொல் பாடு. 'படு' என்னும் வினையின் முதல் எழுத்து நீண்டு பெயரான இச்சொல் உழைப்பையும் துன்பத்தையும் பிரிக்காமல் சுட்டுவதால், பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள் என்னும்போது இரண்டும் சேர்ந்தே கேட்கின்றன; கிறித்தவத் தமிழிலோ இயேசுவின் சிலுவைத் துன்பங்களே 'பாடுகள்' எனப்படுகின்றன. இந்தப் பாடு 'ஆளி' என்னும் விகுதியோடு சேர்ந்து பாட்டாளி ஆனபோது இருவகையும் ஒரே சொல்லில் கூடின. கடுமையாக உழைப்பவன் என்ற பொதுப்பொருளில் நின்ற அச்சொல்லை, 20ஆம் நூற்றாண்டின் பொதுவுடைமை எழுத்துகள், உடைமை ஏதுமின்றித் தம் உழைப்பை விற்று வாழும் வர்க்கத்துக்கே பெயராக்கின.

உழைத்தல் என்பதன் வழக்கு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஈழத் தமிழில் அது பொருளீட்டுவதையே பெரிதும் குறிப்பதால், ஒருவர் நன்றாக உழைக்கிறார் என்றால் வருமானம் நன்றாக வருகிறது என்றே கொள்வர். தமிழ்நாட்டிலோ செருப்பும் துணியும்கூட, நெடுநாள் கிழியாமல் இருந்தால், நன்றாக உழைத்தன என்று பாராட்டப்படும்.

பேச்சுவழக்கின் மெனக்கெடுதல், வினைக்கேடு என்பதன் திரிபாகக் கருதப்படுவது. ஒன்றற்காகத் தன் பிற வேலை கெட நிற்பதே அதன் பழம்பொருள். இன்று மிகுந்த அக்கறையோடு முயல்வதைப் பாராட்ட அச்சொல் பயன்பட்டாலும், 'வேலை மெனக்கெட்டு இதற்காகவா வந்தாய்?' என்று கடிந்துகொள்ளும் குரலில் அந்தக் கேடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.