ஸ்பானிய மொழியில் -ரா, -சே விகுதிகளின் வரலாறு

ஸ்பானிய மொழியில் விருப்பம், ஐயம், நிபந்தனை, நடவாத செயல் ஆகியவற்றைக் குறிக்கத் தனி வினைநிலை ஒன்று உள்ளது. தமிழில் இதனைச் சார்பு வினைநிலை எனலாம். இதன் இறந்தகாலத்திற்கு இரண்டு விகுதி வரிசைகள் உள்ளன. 'பேசு' என்னும் பொருளுடைய 'ஆப்லார்' என்ற வினை 'ஆப்லாரா' என்றும் 'ஆப்லாசே' என்றும் திரியும். ஒரே பொருளுக்கு இரண்டு வடிவங்கள் ஏன் என்ற ஐயம் இம்மொழியைக் கற்போர் அனைவருக்கும் எழுவது. இதற்கான விடை இலத்தீனில் உள்ளது.

இவ்விரண்டும் இலத்தீனின் வெவ்வேறு வடிவங்களிலிருந்து வந்தவை. 'நேசித்திருந்தேன்' என நடந்து முடிந்ததைக் கூறும் 'அமாவெரம்' என்ற வடிவமே ஸ்பானியத்தில் 'அமாரா' ஆயிற்று. சார்பு வினைநிலைக்குரிய 'அமாவிஸ்ஸெம்' என்ற வடிவம் 'அமாசே' ஆயிற்று. அதாவது, பிறப்பிலேயே சார்பு வினைநிலைக்கு உரியது -சே மட்டுமே. -ரா பின்னர் வந்து சேர்ந்தது. இலத்தீனில் இதே பணியைச் செய்துவந்த 'அமாரெம்' என்ற பழைய வடிவம் ஸ்பானியத்தில் வழக்கொழிந்தது. சார்டீனியத் தீவின் மொழியில் அதன் வழித்தோன்றல் இன்றும் உள்ளது.

'மியோ சிட்' காவியம் போன்ற இடைக்காலக் காஸ்டிலிய இலக்கியங்களில் -ரா பெரும்பாலும் 'செய்திருந்தான்' என்ற பழைய பொருளிலேயே வருகிறது. பொருள் மாற்றத்திற்கு வழிவிட்டது நிபந்தனை வாக்கியம். நடவாத ஒன்றை அழுத்திச் சொல்ல, நடந்துவிட்டது போலக் கூறும் வழக்கம் இலத்தீனிலேயே இருந்தது. 'கொஞ்சம் தாமதித்திருந்தால் செத்தேன்' என்று நாம் சொல்வதும் இத்தகையதே. இவ்வாறு நிபந்தனையின் விளைவைக் கூறும் பகுதியில் இடம்பிடித்த -ரா, அடுத்து 'செய்தால்' என்ற பகுதிக்கும் பரவியது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அதன் பழைய பொருள் பெரிதும் மங்கிவிட்டது.

பழைய பொருள் முற்றிலும் அழியவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் சிலர் அதற்கு மீண்டும் உயிர்கொடுத்தனர். 1847இல் சிலியில் வெளியான தம் இலக்கண நூலில் ஆண்ட்ரேஸ் பெல்லோ இவ்வழக்கை ஏற்கவில்லை. அவர் மறுப்பையும் மீறி, ஸ்பானியச் செய்தித்தாள் நடையில் இன்றும் இதனைக் காணலாம்.

திரிபு விதி எளிது. முற்று இறந்தகாலத்தின் படர்க்கைப் பன்மை வடிவை எடுத்து, ஈற்றிலுள்ள 'ரோன்' என்பதை நீக்கி -ரா அல்லது -சே சேர்க்க வேண்டும். 'ஆப்லாரோன்' (பேசினார்கள்) 'ஆப்லாரா' ஆகும். 'கொமியேரோன்' (உண்டார்கள்) 'கொமியேரா' ஆகும். 'பிபியேரோன்' (வாழ்ந்தார்கள்) 'பிபியேரா' ஆகும். இதன்மேல் இட விகுதிகள் சேரும்: ஆப்லாரா, ஆப்லாராஸ், ஆப்லாரா, ஆப்லாராமோஸ், ஆப்லாரைஸ், ஆப்லாரான். ஒழுங்கற்ற வினைகளும் இவ்விதியை மீறுவதில்லை. விதிவிலக்குகள் மலிந்த ஒரு வினையமைப்பில் இது வியப்பளிக்கலாம். ஆனால் -ரா, -சே, 'ரோன்' மூன்றும் இலத்தீனின் ஒரே முற்றுவினை அடியிலிருந்து கிளைத்தவை என்பதால் வேறுவிதமாக இருக்க வழியில்லை. தமிழிலும் 'பேசினால்', 'வந்தால்' என்னும் நிபந்தனை வடிவங்கள் இறந்தகால அடியின்மீதே அமைவது ஒப்புநோக்கத்தக்கது.

தன்மைப் பன்மையில் ஒரு மாறுதல் நேர்ந்தது. இலத்தீனில் 'அமாவெராமுஸ்' என்ற சொல்லின் அழுத்தம் ஈற்றயல் அசையில் விழுந்தது. ஸ்பானியத்தில் மற்ற வடிவங்களோடு ஒத்துப்போகும்படி அது ஓர் அசை முன்னே நகர்ந்தது. 'ஆப்லாராமோஸ்' என்ற சொல்லின் இரண்டாம் அசைமீது அழுத்தக்குறி இடப்படுவது இதனால்தான்.

இன்று இலத்தீன் அமெரிக்காவின் பேச்சில் -ரா வடிவமே மேலோங்கியுள்ளது. ஸ்பெயினில் -சே கூடுதலாக வழங்கினாலும் அங்கும் -ரா வடிவமே மிகுதி. கடைக்காரரிடம் பணிவாக 'எனக்கு வேண்டும்' என்று கேட்கும் 'கிசியேரா' என்ற சொல்லின் இடத்தில் -சே வடிவம் பொதுவாக வருவதில்லை.