சேலத்துக்காரரும் ஒரு அம்மாவின் கேள்வியும்

ஐதராபாத் வந்த புதிதில் குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆய்வு ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். தலைச்சுற்றளவு எடுப்பது, கட்டைகளை அடுக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வது, இதுதான் வேலை. ஒரு நாள் ஒரு அம்மா தெலுங்கில் கேட்டார்: "சின்ன வயசுல சத்தில்லாம உடம்பு வீங்கிப் பிழைச்சவன். இவனுக்குப் படிப்பு வருமா?" முழித்தேன்.

அப்புறம்தான் பழைய கட்டுரைகளைத் தேடினேன். விடை இதே ஊரில் இருந்தது! 1958-ல் நம்ம குன்னூரிலிருந்து இங்கே இடம் மாறிய ஆய்வகம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கே சம்பகம், ஸ்ரீகாந்தியா, சேலத்தில் பிறந்த சி. கோபாலன் மூவரும் 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குவாஷியோர்கர் வந்து பிழைத்த 19 பிள்ளைகளைப் பள்ளி வயதில் சோதித்திருக்கிறார்கள். ஒப்பிட்டது பணக்காரப் பிள்ளைகளோடு அல்ல. அதே மாதிரி ஏழை வீட்டுப் பிள்ளைகளோடு. அதனால் வறுமையை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. நோய் கண்டவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் வயது கூடியவர்களிடம் அந்த இடைவெளி குறைவு.

அடுத்த முறை அந்த அம்மாவிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். "அப்போ இன்னும் நேரம் இருக்கு" என்றார். மகன் அதற்குள் ஐந்தாவது கட்டையை வைத்திருந்தான்.

உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?