'ஸ்டேஜ் பண்ணி' விற்கும் வீடு: ரொறன்ரோ வணிகத் தமிழின் முன்கதை

ஸ்காபரோவில் வீடு விற்க வருபவரிடம் முகவர் பேசுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "முதல்ல ஸ்டேஜ் பண்ணுவம், பிறகு லிஸ்ட் பண்ணுவம், நல்ல ஓபர் வந்தால் கெதியாக் குளோஸ் பண்ணலாம்." ஸ்டேஜ் என்றால் ஆங்கிலத்தில் மேடை. அது வினையாகி, வாடகைச் சோபாக்களை அடுக்கி வீட்டை எடுப்பாக்குவதையும் குறிக்கத் தொடங்கியது. தமிழோ அந்த வினையை மறுபடி பெயராக்கி, காலம் காட்டும் வேலையை 'பண்ணு'விடம் விட்டது.

பெயரை வினையாக்குவது ஆங்கிலத்திலும் பழைய சண்டை. பெஞ்சமின் பிராங்கிளின் 1789 டிசம்பரில் அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'புரோகிரஸ்' ஆகியவை வினைகளாகப் புழங்குவதைக் கண்டித்தார். இன்று அவை யாரையும் உறுத்துவதில்லை. விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்ட மொழியில் பெயர் இடம் மாறி நின்றாலே வினையாகிவிடும். தமிழில் அந்தச் சலுகை இல்லை.

ஆனால் தமிழும் ஒரு காலத்தில் வேற்றுமொழிப் பெயர்களைத் தாராளமாக வினையாக்கியது. தியானம் 'தியானி' ஆனது, உபதேசம் 'உபதேசி' ஆனது. 'ஸ்டேஜ் பண்ணு'வுக்கு மாற்றாக இன்று யாரும் நினைக்கக்கூடிய 'அலங்கரி'யும் அந்த வழியில் பிறந்ததுதான். 13ஆம் நூற்றாண்டு வைணவ உரைகளில் 'அனுசந்தித்து', 'அனுபவித்து' என்று இவை குவிந்து கிடக்கின்றன. அரபு மூலத்து 'வசூல்'கூட 'வசூலித்தார்' என்று விகுதி ஏற்றது.

சந்தைச் சொற்களின் கதை வேறு. போர்த்துக்கேயர் வழி வந்ததாகக் கருதப்படும் 'ஏலம்' ஒருபோதும் 'ஏலித்தார்' ஆகவில்லை. 'விடு', 'போடு' என்ற துணைகளோடு நின்றுகொண்டது. ஏட்டின் வழி வந்தவை விகுதியை ஏற்றன, வாயின் வழி வந்தவை துணைவினை தேடின என்று சொல்லத் தோன்றுகிறது. ரத்தும் ஜப்தியும் கச்சேரிக் காகிதங்களோடு வந்தும் 'செய்'யை விடாததால், இதைக் கறாரான விதியாக்க முடியாது. ஆங்கிலம் பெரும்பாலும் வாய்வழிக் கூட்டத்தைச் சேர்ந்தது. 'புக் பண்ணினேன்' உண்டு, 'புக்கித்தேன்' இல்லை. இணையத்தில் எழுதியே பழகியவர்கள்தான் 'ட்வீட்டினார்', 'டைப்பினேன்' என்று துணிந்தார்கள், அதுவும் பாதி விளையாட்டாக.

இந்தப் 'பண்ணு' மொழி அருவருப்பானது, சுத்தத் தமிழே அதற்கு மருந்து என்பவர்கள் 'சந்தைப்படுத்தல்' என்ற சொல்லைக் கவனிக்கலாம். அதுவும் சந்தை என்ற பெயரோடு 'படுத்து' சேர்ந்த வினைதான். இலங்கை அரசு 1971இல் சட்டம் இயற்றி அமைத்த நிறுவனத்துக்குத் தமிழில் நெல் சந்தைப்படுத்தும் சபை என்று பெயர். 1983க்குப் பின் ரொறன்ரோவுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தவர்களுக்கு அது அரசாங்கத் தமிழாக ஏற்கெனவே பழகியிருந்தது.

ஆகவே அருவருப்பு இலக்கணத்தில் இல்லை. 'லிஸ்ட் பண்ணு' என்றால் விற்பனை முகவர்களின் பொதுப் பட்டியலில் வீட்டைப் பதிவது, பொருள் துல்லியம். 'வீட்டை லீவரேஜ் பண்ணுங்கோ' என்பது அப்படியல்ல. இருக்கும் வீட்டின் மேல் கடன் வாங்கி இன்னொன்று வாங்குங்கள் என்பதே அதன் பொருள். கடன் என்ற சொல் மட்டும் காணாமல் போயிருக்கும். கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச்சில் 0.25 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. மாறும் வட்டியில் 'லீவரேஜ்' பண்ணியவர்களின் வட்டிச் சுமை அதோடு சேர்ந்தே ஏறியது.