செவியின் காயத்தில் இரத்தம் கசிவதில்லை

பல ஆண்டுகளுக்கு முன்னர் பத்திரிகையாளர் குழுவொன்றைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தனர். அக்குழுவில் நானும் ஒருவன். பயிற்சி தொடங்குமுன் எமக்குச் சிறு பஞ்சுத் துண்டுகள் வழங்கப்பட்டன. காதில் செருகிக்கொள்ளுமாறு கூறினார்கள். அருகில் நின்ற சக செய்தியாளர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் அவ்வாறே செய்தேன். படைவீரர் எவரும் காதை மூடாதிருக்கையில் பேனா பிடிப்பவன் மட்டும் மூடிக்கொள்வது கோழைத்தனமாகத் தோன்றும் என்ற எண்ணமே காரணம். அன்றிரவு படுத்தபோது காதுக்குள் வண்டொன்று ரீங்காரமிட்டது. இரண்டு நாட்களில் அது மறைந்தது. மறைந்ததனால் மறந்தும் போனேன்.

ஆனால் அங்கு பயிற்சியளித்த மூத்த வீரரை மறக்க முடியவில்லை. நாம் எதைக் கேட்டாலும் அவர் முகத்தைச் சற்று இடப்புறம் திருப்பி வலக் காதை எம்மிடம் நீட்டினார். அது அவருடைய பழக்கம் என்றே அன்று நினைத்தேன். காரணம் பின்னர் வாசித்தபோதே விளங்கியது. வலக்கைப் பழக்கமுள்ளவர் றைபிளைத் தோளில் அணைத்துக் குறிபார்க்கும்போது இடக் காது குழல்வாயை நோக்கி அமைகிறது. வலக் காது தலையின் மறைவில் சிறிது தப்பிவிடுகிறது. நீண்டகாலம் சுட்டவர்களிடம் இடக் காது முதலில் மந்தமாவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விடயம். அந்த மனிதரின் தலைத் திருப்பத்தில் அவரது சேவைக் காலம் முழுவதும் எழுதப்பட்டிருந்தது.

சூட்டுத் திடலில் எதை அணியவேண்டும் என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு மனிதன் விரைவில் கவசம் தேடினான். தெரியாத காயத்துக்குத் தேட அவனுக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றின் சாரம் இதுவே.

பீரங்கிச் சத்தம் செவியைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1782 ஏப்ரல் 12 ஆம் திகதி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அருகே, செயின்ற்ஸ் என்னும் சிறு தீவுகளையொட்டி, பிரித்தானிய அட்மிரல் றொட்னி பிரெஞ்சுக் கடற்படையைத் தோற்கடித்தார். அவரது 'ஃபோமிடபிள்' கப்பல் அன்று 80 தடவைகள் பக்கவாட்டுப் பீரங்கி வரிசையை முழங்கச் செய்தது என்றும், அதன்பின் 14 நாட்கள் அவருக்குக் காது கேட்கவில்லை என்றும் மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதே நாளில் எமது திருகோணமலைக்குத் தெற்கே, ப்ரொவிடியன் என்ற பாறைத் தீவுக்கு அருகில், அட்மிரல் ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் மோதிக்கொண்டன என்பது தற்செயலான ஒற்றுமை. றொட்னியின் காது வரலாற்றில் பதிவாயிற்று. இரு கடல்களிலும் பீரங்கியருகே நின்ற மாலுமிகளின் காதுகளைப் பற்றி எழுத எவரும் இருக்கவில்லை.

19 ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் தொழிலாளரின் செவிகளைக் கவனிக்கத் தொடங்கினர். 1831 இல் ஜோன் ஃபொஸ்புரோக் கொல்லர்களிடையே காணப்படும் செவிட்டுத்தன்மையைப் பற்றி எழுதினார். 1886 இல் கிளாஸ்கோ நகரின் தோமஸ் பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். அவர்களில் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை. ஒப்பீட்டுக்காக அவர் தெரிவுசெய்த பிரிவினரில் தபாற்காரரும் அடங்குவர். தெருவில் நடந்து திரிந்த அவர்களின் காதுகள் பெரும்பாலும் நலமாகவே இருந்தன.

இதே காலத்தில்தான் சூட்டுத் திடல் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. பிரித்தானியாவின் தேசிய றைபிள் சங்கம் 1859 இல் தோன்றியது. அடுத்த ஆண்டு விம்பிள்டனில் நடந்த முதற் போட்டியை விக்டோரியா மகாராணி, தாங்கியில் பொருத்திய றைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்துத் தொடக்கிவைத்தார். 1890 இல் அப்போட்டிகள் பிஸ்லிக்கு மாறின. திடல் விதிகளின் முதற் கவலை குண்டு எங்கே போகிறது என்பதே. சிவப்புக் கொடி, மண் அணை, இலக்குப் பலகைகளை இயக்குவோர் ஒதுங்கும் பள்ளம் ஆகியன அந்தக் கவலையின் விளைவுகள். சுடுபவரின் காது அந்த விதிகளின் பார்வைக்கு வெளியே இருந்தது.

அக்காலத்தில் ஆயுதமும் மாறியது. 1884 இல் போல் வியெய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். இரண்டு ஆண்டுகளில் அதைப் பாவிக்கும் லெபெல் றைபிள் வந்தது. கரும்புகை அகன்றது. குழலினுள் அமுக்கம் உயர்ந்தது. ஒலியைவிட மிக விரைவாகப் பாயும் குண்டு தன் பாதையெங்கும் ஓர் அதிர்வலையை எழுப்பியது. எமது நாட்டுப் பொலிஸாரின் கைகளில் நீண்டகாலம் இருந்த 303 றைபிளும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. ஆயுதத்தின் ஓசை கூர்மையடைந்தபோதும் அதைச் சுடுபவரின் காதில் இருந்தது, இருந்தால், பஞ்சு மட்டுமே. பஞ்சினால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சொற்பம். அது காதுக்குக் கவசம் என்பதைவிட மனதுக்கு ஆறுதல் எனலாம்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் மலொக்-ஆம்ஸ்ட்ரோங் என்ற பெயரில் காதடைப்பான் ஒன்று பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. மெல்லிய பேச்சை உள்ளே விட்டு வெடியோசையைத் தடுப்பது அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் 'வி-51ஆர்' என்னும் அடைப்பான் உருவாகியது. அது பல அளவுகளில் வந்தது. இது முக்கியமானதொரு படி. மனிதரின் செவித்துளைகள் ஒரே அளவானவை அல்ல. ஒருவரின் இரு காதுகளே சிலவேளை வேறுபடும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. 1956 இல் அமெரிக்க விமானப்படை, ஆபத்தான ஓசை குறித்து விரிவான ஒழுங்குவிதியை வெளியிட்டது. 1972 அளவில், விரல்களால் உருட்டிச் செருகினால் காதினுள் மெல்ல விரியும் நுரை அடைப்பான் சந்தைக்கு வந்தது. விலை மலிவு, சரியாகச் செருகினால் ஏறத்தாழ 30 டெசிபெல் ஓசையைக் குறைக்கும்.

கருவிகள் இவ்வாறு வந்துவிட்டன. ஆயினும் அவை காதுக்குள் போகவில்லை. ஏன்?

காது காயப்படும் விதத்தில் இதற்கான பதில் இருக்கிறது. ஒவ்வொரு உட்செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. அவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. 140 டெசிபெல் உச்ச அழுத்தமே ஆபத்தின் எல்லை எனக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலான துப்பாக்கிகள் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. சில 160 ஐயும் கடக்கின்றன. ஒரே வெடியும் நிரந்தரச் சேதம் விளைவிக்கக்கூடும். ஆனால் வலி இல்லை, இரத்தம் இல்லை. முதலில் கெடுவது 4,000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர்சுரங்களைக் கேட்கும் பகுதி. உயிரொலிகள் கேட்கும், ச, ஸ போன்ற மெய்யொலிகள் நழுவும். "நீங்கள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பது விளங்கவில்லை" என்று முதியோர் கூறுவது இதனாற்றான். இழப்பு தெரியவரும்போது சுட்ட நாள் இருபது ஆண்டுகள் பின்னே போயிருக்கும். காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்க எவராலும் இயல்வதில்லை.

கண்ணின் கதை வேறு. பின்னோக்கிச் சீறும் வாயுவோ உலோகச் சிதறலோ கண்ணைத் தாக்கினால் அது அக்கணமே தெரியும். ஆகவே கண்ணாடியின் தேவையை எவரும் விவாதிக்கவில்லை. குறை கண்ணாடியிலேயே இருந்தது. அது உடைந்து தானே சிதறலாயிற்று. 1953 இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட பொலிகாபனேற்று அந்தக் குறையைப் பின்னாளில் தீர்த்தது.

போட்டி விதிகளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம், வீரரின் தடித்த மேலங்கி ஓரடுக்கில் 2.5 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது எனக் கருவிகொண்டு அளக்கும் வழக்கமுடையது. அங்கி தடிப்பாக இருந்தால் உடல் அசையாது; அது நியாயமற்ற அனுகூலம். காதுக்கும் கண்ணுக்குமான பாதுகாப்பைப் பொறுத்தவரையிலோ அதே விதிநூல் நெடுங்காலமாக வலியுறுத்திக் கேட்டுக்கொள்வதோடு நின்றது. வெற்றியைத் தொடும் துணிக்குக் கட்டளை, உடலைக் காக்கும் கவசத்துக்கு அறிவுரை.

அணிந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அண்மைக்காலம் கசப்பான பதிலொன்றைத் தந்தது. 2003 முதல் 2015 வரை அமெரிக்கப் படையினருக்கு இருமுனைக் காதடைப்பான் ஒன்று வழங்கப்பட்டது. ஒரு முனை எல்லா ஓசையையும் தடுக்கும். மறுமுனை பேச்சை விட்டு வெடியை மட்டும் தடுக்கும் என்பது ஏற்பாடு. ஏரோ நிறுவனம் தயாரித்த அதனை, 2008 இல் அந்நிறுவனத்தை வாங்கிய 3எம் தொடர்ந்து விற்றது. அடைப்பானின் தண்டு குட்டையாக இருந்தமையால் அது அணிந்தவர் உணராமலே காதினுள் தளர்ந்துவிடும், இதை நிறுவனம் அறிந்திருந்தும் வெளியிடவில்லை என்பது குற்றச்சாட்டு. 2018 இல் அரசுடன் 91 இலட்சம் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. பின்னர் இலட்சக்கணக்கான முன்னாள் படையினர் வழக்குத் தொடர்ந்தனர். 2023 ஓகஸ்டில் ஏறத்தாழ 600 கோடி டொலர் வழங்க 3எம் உடன்பட்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வீரர்கள் என்னைப்போல் பஞ்சைப் பையில் போட்டவர்கள் அல்லர். கொடுத்ததை ஒழுங்காக அணிந்தவர்கள். காக்கப்படுகிறோம் என்று நம்பி வெடியருகே நின்றவர்கள். அமெரிக்காவில் படைச்சேவை சார்ந்த உபாதைகளுள் காதிரைச்சலே முதலிடம் வகிக்கிறது. அதற்காகக் கொடுப்பனவு பெறுவோர் 20 இலட்சத்துக்கும் அதிகம். பொருந்தாத கவசம் சிலவேளை கவசமின்மையைவிடக் கேடானது. கவசமற்றவன் அஞ்சி ஒதுங்குவான். பொருந்தாத கவசமணிந்தவன் நம்பி நெருங்குவான்.

இறுதியாக ஆடையைப் பற்றியும் சொல்லவேண்டும். கழுத்தை மூடிய சட்டையும் விளிம்புத் தொப்பியும் மூடிய காலணியும் ஏன் என்பதைச் சூடான வெற்றுத் தோட்டா ஒன்று சட்டைக்குள் விழுந்தவர் உடனே சொல்வார். சுடும்போது ஒருவர் துள்ளினால் அவர் கையிலுள்ள குழல் எத்திசை நோக்கும் என்பதை எண்ணினால் போதும். ஆனால் ஆடையிலும் காணாத ஆபத்து ஒன்று உண்டு. குண்டிலும் தீப்பற்றும் மருந்திலும் ஈயம் இருக்கிறது. ஒவ்வொரு வெடியிலும் அது நுண்தூளாகிக் கையிலும் துணியிலும் படிகிறது. காற்றோட்டமற்ற உள்ளரங்குகளில் இது கடுமையாகும். 1978 இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், ஈயம் வரம்பு மீறிய இடங்களில் வேலைத்தள உடையை வீட்டுக்குக் கொண்டுசெல்லவே தடை விதித்தன. திடலில் நின்ற தந்தை உடைமாற்றாமல் குழந்தையைத் தூக்கினால், துப்பாக்கியைக் காணாத அந்தக் குழந்தையும் அதன் தூளைச் சுவாசிக்கிறது.

இளம் செய்தியாளர் எவரேனும் திடலுக்குப் போக நேர்ந்தால் அவருக்குச் சொல்ல என்னிடம் உள்ளவை சிலவே. உடையாத கண்ணாடியை அணியுங்கள். நுரை அடைப்பானை மெலிதாக உருட்டி, மறுகையால் காதை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்திருங்கள். அதன்மேல் காதுக் கவசத்தையும் மாட்டுங்கள். திரும்பியதும் கைகழுவி உடைமாற்றிய பின்னரே உணவருந்துங்கள். மற்றவர் அணியவில்லையே என்று பார்க்காதீர்கள்.

இவற்றைச் சொல்லும்போது எதிரிலிருப்பவர் பதிலளித்தால், இப்போதெல்லாம் நானும் தலையைச் சற்றுத் திருப்பியே கேட்கிறேன். வயதா, அச்சுக்கூடத்து இயந்திரங்களா, அன்று பையிலிட்ட பஞ்சா என்று பிரித்தறிய வழியில்லை. செவியின் காயம் தன் தேதியைக் குறித்துவைப்பதில்லை.